அக்கா சீல் வைத்த டப்பா

பிக்கப் வண்டியில் எஞ்சின் ஆயில் குறைகிறது என்று முதலில் சொன்னவனே நான்தான். சொல்லாமல் இருந்திருந்தால் என் மேல் சந்தேகம் வந்திருக்காதோ என்று பிறகு பலமுறை நினைத்ததுண்டு.

விருதுநகரில் ஒரு சின்ன அச்சகத்தில் டிரைவராகச் சேர்ந்திருந்தேன். பட்டாசுப் பெட்டிகளில் ஒட்டுகிற லேபிள்களை அடித்து, சிவகாசிப் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அனுப்புவார்கள். அச்சகத்தை நடத்தியவர் ஐம்பது வயதுப் பெண்மணி. எங்கள் எல்லோருக்கும் அவர் அக்கா. கெட்டவர் இல்லை. ஆனால் எனக்கு முன்னால் இருந்த டிரைவர் டீசலை உறிஞ்சி விற்று மாட்டிக்கொண்டவன். அவன் உட்கார்ந்த சீட்டில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

“சர்வீஸ் விட்டு ரெண்டு மாசங்கூட ஆகலையே தம்பி. அதுக்குள்ள ஆயில் எங்கன போவுது?” என்று கேட்டார் அக்கா.

“எஞ்சின் குடிக்குதுக்கா.”

“எஞ்சின் டீசலத்தான குடிக்கும்?”

மறுநாள் காலையில் போனபோது வண்டிக்கு அடியில், சரியாக எஞ்சினுக்கு நேர்கீழே, வீணாய்ப்போன லேபிள் தாள்களை யாரோ விரித்து வைத்திருந்தார்கள். தாள் முழுக்க மயில் படம். அக்கா வந்து குனிந்து தாள்களை உருவிப் பார்த்தார். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. “ஒழுகலையே” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தாள்களை மடித்து எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்கே ஆயில் கேன் கோடவுனிலிருந்து அக்காவின் அறைக்குப் போய்விட்டது. ஊற்ற வேண்டும் என்றால் கேட்க வேண்டும். ஊற்றும்போது அவர் பக்கத்தில் வந்து நிற்பார்.

வீட்டில் சொன்னேன். “இந்த வேலைய விட்டுருங்க” என்றாள் மனைவி. விட்டால், ‘திருட்டுப்பய மாட்டிக்கிடுவோம்னு ஓடிட்டான்’ என்று ஆகிவிடும். விடவில்லை.

ஆமத்தூர் போகிற வழியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். அவரிடம் வண்டியைக் காட்டினேன். எஞ்சினுக்குக் காற்று போகிற குழாயைக் கழற்றி உள்ளே விரலை விட்டு எடுத்தார். விரல் முழுக்கக் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு.

“எஞ்சினும் மூச்சு விடும்ணே. உள்ள பிஸ்டன் ரிங்கு தேஞ்சா காத்து முட்டிக்கிட்டு, ஆயிலயும் ஆவியா இழுத்துக்கிட்டு இந்த மூச்சுக்குழா வழியா வரும். அது திரும்ப எஞ்சினுக்குள்ளயே போயி எரிஞ்சுரும். தரையில ஒரு சொட்டு விழாது.”

“இத அக்கா நம்பணுமே?”

“நடுவுல ஒரு டப்பா மாட்டலாம். கேட்ச் கேன்னு பேரு. எஞ்சின் கக்குற ஆயில் அதுல தங்கிரும். கண்ணால பாக்கலாம்.”

டப்பா விற்பதற்காகச் சொல்கிறாரோ என்று எனக்கே அவர் மேல் ஒரு சந்தேகம். ஆனாலும் வேறு வழி இல்லை. பட்டறையில் வைத்து மாட்டினால் அதற்கும் ஒரு கேள்வி வரும். அதனால் அவரை அச்சகத்துக்கே வரச் சொன்னேன். அக்கா நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மெக்கானிக் எனக்குச் சொன்னதை அவருக்கும் சொன்னார்.

தண்ணீர்ச் சொம்பு அளவுக்கு ஒரு அலுமினிய டப்பா. உள்ளே இரும்பு நார். அடியில் ஒரு சின்னத் திருகுக்குழாய். பேட்டரிக்குப் பக்கத்தில் தகடு வைத்து போல்ட்டை முறுக்கினோம். எஞ்சின் தலையிலிருந்து வருகிற மூச்சுக்குழாயைக் கழற்றி டப்பாவின் ஒரு பக்கம் சொருகினோம். மறுபக்கத்திலிருந்து புது ஹோஸ் ஒன்றைக் காற்றுக் குழாய்க்குக் கொண்டுபோய் கிளிப் போட்டு இறுக்கினோம். “மாத்திச் சொருகுனா வடிகட்டாது” என்று மெக்கானிக் இரண்டு முனைகளையும் மறுபடி பார்த்தார்.

“ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முன்னால மூடியத் தொறங்க” என்றார் அக்கா. போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். காலி. பிறகு எழுந்து உள்ளே போய் ஸ்டிக்கர் லேபிள்களோடு வந்தார். அதே மயில் படம். மூடியில் ஒன்று, இரண்டு ஹோஸ் முனைகளிலும் ஒவ்வொன்று, அடித் திருகில் ஒன்று என்று தன் கையாலேயே ஒட்டினார். பிரித்தால் கிழியும்.

“கோவிச்சுக்காத தம்பி. பாத்துக்கிட்டா ரெண்டு பேருக்கும் நல்லது.”

எனக்குக் கோபத்தைவிடப் பயம்தான் அதிகம். டப்பா காலியாகவே இருந்துவிட்டால்?

தீபாவளி சீசன். தினமும் லோடு. அடுத்த வாரம் ஆனைக்குட்டம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போக வேண்டியிருந்தது. ஆர்டர் பேச வேண்டும் என்று அக்காவும் வண்டியில் ஏறினார். இதற்கு முன் அவர் இந்த வண்டியில் ஏறியதே இல்லை. வழியில் டீ குடிக்க நிறுத்தினேன். நான் வண்டியின் முன்பக்கத்தைவிட்டு நகர்ந்து கடைக்குள் போன பிறகுதான் அவர் கீழே இறங்கினார்.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் போன்களை வாங்கி வைத்துக்கொண்டார். தீப்பெட்டி, லைட்டர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். சைலன்சரில் தீப்பொறி தடுக்கிற வலை இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். திறந்ததும் ஒரு அடி பின்னால் போனார்.

“இதென்னது டப்பா?”

போர்மேனைக் கூப்பிட்டார். போர்மேன் வந்து டப்பாவைப் பார்த்தார், மயில் லேபிள்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “உள்ள என்ன வச்சிருக்க?”

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் முன்னால் வந்து நின்றார்.

“எஞ்சின் கக்குற ஆயில் அதுல வந்து தங்கும். இல்லன்னா திரும்ப உள்ள போயி எரிஞ்சுரும்” என்றார். மெக்கானிக் சொன்னதை அப்படியே சொன்னார். என்னிடம் ஒரு நாளும் ஒப்புக்கொள்ளாததை அந்த ஆளிடம் உறுதியாகச் சொன்னார்.

“சரிக்கா. அப்புறம் எதுக்குச் சுத்தி லேபிள் ஒட்டி வச்சிருக்கீக? ஆயிலுக்கு யாராச்சும் சீல் வப்பாகளா?”

எங்களுக்குப் பின்னால் இரண்டு லோடு வண்டிகள் வந்து நின்றுவிட்டன. அதிலிருந்தவர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார்கள். அக்கா என்ன சொல்வார்? என் டிரைவரை நம்பவில்லை என்று சொல்வாரா?

“தம்பி, ஒரு பாட்டில் இருந்தா எடு” என்றார்.

காலித் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தேன். அடித் திருகில் இருந்த லேபிளை நகத்தால் கிளறி அவரே கிழித்தார். திருகைத் திறந்தார். எதுவும் வரவில்லை. வாட்ச்மேன் இன்னும் குனிந்தார். பிறகு ஒரு சொட்டு விழுந்தது. அதன் பின் கறுப்பாக, நூல் போல, நிற்காமல் இறங்கியது. கால் பாட்டில் நிறைந்தது. போர்மேன் அதை வாங்கி மோந்து பார்த்தார்.

“ஆயிலுதான்” என்றார். “ஆனாலும் வண்டி உள்ள வரக்கூடாதுக்கா. இங்கனயே நிக்கட்டும்.”

லேபிள் கட்டுகளைக் கேட்டிலிருந்து ஆபீஸ் வரைக்கும் கையில் சுமந்தோம். அக்காவும் தூக்கினார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது அந்தப் பாட்டில் அவர் காலடியில் உருண்டுகொண்டே வந்தது. ஆமத்தூர் தாண்டிய பிறகுதான் பேசினார்.

“ரிங்கு மாத்தணும்னா வண்டி எம்புட்டு நாளு நிக்கும்?”

“சீசன் முடியட்டும்க்கா.”

வேறு ஒரு வார்த்தை வரும் என்று விருதுநகர் வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை. நிம்மதி வந்திருக்க வேண்டும். எனக்கு அப்போதுதான் கோபம் முழுதாக வந்தது.

தீபாவளி கழிந்து எஞ்சினைப் பிரித்தார்கள். ரிங்குகள் தேய்ந்துதான் போயிருந்தன. மாற்றிய பிறகு டப்பாவில் ஈரப்பசை மட்டும்தான். ஆயில் கேன் ஒருநாள் தானாகவே கோடவுனுக்குத் திரும்பி வந்திருந்தது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “கட்டிங் மிஷின்ல பேப்பர் குறையுது தம்பி. அத ஓட்டுற ஆளு மேல கொஞ்சம் கண்ணு வச்சுக்க. நம்பிக்கையான ஆளுன்னுதான் உங்கிட்டச் சொல்றேன்.”

“அது என்னால முடியாதுக்கா” என்றேன். “வெட்டுறப்ப ஓரம் எம்புட்டுப் போவுதுன்னு ஒருநாள் பக்கத்துல உக்காந்து நீங்களே பாருங்க.”

மறுநாள் அக்காவின் நாற்காலி கட்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்தது. என்ன கண்டுபிடித்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆள் இன்றைக்கும் அங்கேதான் வேலை பார்க்கிறார்.