எங்கள் கொம்பியூட்டருக்குத் தமிழ் வந்த கதை

ஈயம் உருகும்போது எழும்பும் புகைக்கு ஒரு வாசம் உண்டு... மரப்பிசினைச் சுட்ட மாதிரி. எண்பதுகளில் பல நாள் அந்த வாசத்தோடுதான் நான் பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அப்போது மட்டக்களப்பு டவுனில் ஒரு டைப்பிங் வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சவூதியில் வேலை செய்த அத்தான், அக்காவின் கணவர், லீவில் வந்தபோது ஒரு ஹோம் கொம்பியூட்டர் கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி, ரப்பர் பட்டன்கள். டிவியோடு பொருத்த வேண்டும். புரோக்ராம் எல்லாம் கசட்டில். அது ஏறும்போது வீடு முழுக்கக் கீச்சென்று கத்தும்...

அத்தானுக்குச் சீக்கிரமே அலுத்துவிட்டது.

"இது சும்மா வெளையாட்டுச் சாமான். போகக்குள்ள கொழும்பில குடுத்திட்டுப் போறன்" என்றார்.

எனக்கோ அதை விட மனமில்லை. கூட வந்த புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்து ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்திருந்தேன். திரையில் வரும் ஒவ்வொரு எழுத்தும் புள்ளிகளால் ஆனது. அந்தப் புள்ளிகளை நாமே மாற்றலாம்.

சதுரக்கோட்டுத் தாளில் அ, க, ப எல்லாம் வரையத் தொடங்கினேன். ஆங்கில எழுத்தின் இடத்துக்குள் 'ண' அடங்கவே இல்லை... இரண்டு எழுத்தின் இடத்தைச் சேர்த்து ஒன்றாக்கி அதை உட்கார வைத்தேன்.

வகுப்பை நடத்திய மாஸ்டரிடம் சந்தோஷமாகச் சொன்னேன்.

"மெசினுக்கு எங்க பிள்ள தமிழ் தெரியும்?" என்று அவர் சிரித்தார். வகுப்பே சேர்ந்து சிரித்தது.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. "சரஸ்வதி பூசைக்கு இஞ்ச டிவியில தமிழ் வரும் சேர். வந்து பாருங்க."

சொல்லிவிட்டேன். பூசை முடியும்வரை விற்க வேண்டாம் என்று அத்தானிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். ஆனால் பாதி எழுத்துகளை ஏற்றும்போதே மெமரி முடிந்துவிட்டது.

பெட்டியைத் துவாயில் சுற்றிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். அங்கே ஹனிபா நானா ரேடியோ, டிவி திருத்தும் கடை வைத்திருந்தார். என்னைவிடக் கொஞ்சம்தான் மூத்தவர்; அங்கே அண்ணனை நானா என்பார்கள். கொம்பியூட்டர் ஒன்றை அவர் அதுவரை திறந்ததே இல்லை. நான் புத்தகத்தைப் பார்த்து வாசித்தேன், அவர் உள்ளே பார்த்தார்.

"இஞ்ச பாருங்க தங்கச்சி, சிப் போடுற இடம் சும்மா கிடக்கு. மெமரி கூட்டலாம் எண்டுதான் விட்டிரிக்கான்."

கொழும்பில் இருந்த கூட்டாளியிடம் சொல்லி, கழித்துவிட்ட போர்ட் ஒன்றிலிருந்து சிப்புகளை எடுப்பித்தார். ஈயம் உருக்கி ஒவ்வொன்றாக ஒட்டி டிவியைப் போட்டோம்.

திரை முழுக்கக் கலர் கலராகச் சதுரங்கள்... வேறொன்றும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தானின் சாமானையும் பழுதாக்கிவிட்டேனே!

நானா ஒவ்வொரு சிப்பிலும் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒன்றில் வெடுக்கென்று கையை எடுத்தார்.

"இது மட்டும் கொதிக்குது. இவன்தான் ஆள்."

அதை மாற்றினோம். திரை வெளுத்தது. எல்லா எழுத்தும் ஏறியது!

கொஞ்ச நேரத்தில் எழுத்துகள் குழம்பிப்போயின. கூட்டிய மெமரிக்குக் கூடுதலாகக் கரண்ட் போய், கரண்டை மட்டுப்படுத்தும் பாகம் சூடாகிவிட்டது. நானா வீட்டிலிருந்து ஓட்டை விழுந்த அலுமினியச் சட்டி ஒன்றை எடுத்துவந்து, அதன் அடியை வெட்டி, சூடு இறங்கட்டும் என்று அந்தப் பாகத்தோடு முறுக்கினார். இப்போது மூடி மூடவில்லை. மூடியில் ஒரு சன்னல் அறுத்தார்.

"நானா, வடிவு போயிற்றே..."

"முதல்ல ஓடட்டும். வடிவ மறுகா பார்ப்பம்."

சரஸ்வதி பூசையன்று வகுப்பில் சனம் நிறைந்திருந்தது. முதலில் மாஸ்டரின் பெயரை அடித்தேன். டிவியில் தமிழில் வந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் போட்டுப் பார்த்தார். பிறகு தன் மனைவியை முன்னால் இழுத்துவிட்டு, "இவட பேரையும் போடு பிள்ள" என்றார்.

அவ்வளவுதான்... வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. பூபதி, கனகம்மா, தெய்வநாயகம்... தங்கள் பெயரைப் பார்த்தவர்கள் நகரவே இல்லை. வரிசையில் நின்ற ஒருவரை நிமிர்ந்து பார்த்தால், அத்தான்!

கடைசியாக நானா வந்தார். "எண்ட பேரும் வருமா தங்கச்சி?"

விரல் அப்படியே நின்றுவிட்டது. அ முதல் ன வரை வரைந்திருந்தேன். 'ஹ' இல்லை.

"பரவாயில்ல, அனிபா எண்டு போடுங்க."

"இல்ல நானா. சரியாத்தான் வரணும். கொஞ்சம் நில்லுங்க."

அங்கேயே தாளை எடுத்து வரைந்தேன். புள்ளிகளை எண்ணாக்கி அடித்தேன். ஒரு வளைவு பிழைத்தது, திரும்ப அடித்தேன். ஹனிபா என்று டிவியில் வந்தபோது முதலில் கை தட்டியது மாஸ்டர்தான்.

அத்தான் பெட்டியைக் கொழும்புக்குக் கொண்டுபோகவில்லை. "நீயே வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார்.

எத்தனையோ தரம் வீடு மாறினோம். அது என்னோடேயே வந்தது. ஓய்வுபெற்ற பிறகு இப்போது அதுதான் என் பொழுதுபோக்கு. பட்டன்களுக்கு அடியில் தேய்ந்திருந்த தாளை மாற்றினேன். கசட்டுக்குப் பதில் மெமரி கார்ட் பொருத்தினேன். புதிய தட்டை டிவியிலும் தெளிவாகத் தெரியும்படி வயர் மாற்றிவிட்டேன். எல்லாம் நானே ஈயம் வைத்து ஒட்டியது.

போன மாதம் நானா தன் மகனின் ஓட்டோவில் வந்தார். மூடியைத் திறந்து, மூக்குக்கண்ணாடியை உயர்த்தி, நெடுநேரம் பார்த்தார்.

"இது ஆர் ஒட்டின?"

"நான்தான்."

"துப்பரவா இரிக்கு" என்றார். மறுபடியும் பார்த்தார்.

இன்றைக்குச் சின்னப் பிள்ளைகள் போனைப் பார்த்து வாயால் சொல்கிறார்கள், தமிழ் தானாக வந்து விழுகிறது. நல்லதுதான்... வரட்டும். எங்கள் காலத்தில் அது தானாக வரவில்லை. புள்ளி புள்ளியாக நாங்கள்தான் கூட்டிவந்தோம்.