செவலையின் பேரீச்சம்பழம்

பேரீச்சம்பழத்தை வாயில் போட்டால் இன்றைக்கும் எனக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கத் தோன்றும். திருச்சியில், ஆபீஸில், என் சம்பளத்தில் நானே வாங்கிய பாக்கெட்டைப் பிரித்துத் தின்னும்போதுகூட அப்படித்தான். பக்கத்து சீட்டுக்காரி, "யாருடி வர்றா?" என்று கேட்பாள். யாரும் வரவில்லை. அந்தப் பழத்துக்குச் சொந்தக்காரன் ஒரு காளை மாடு என்று சொன்னால் அவளுக்கு விளங்காது. அவள் சென்னைக்காரி.

எங்கள் ஊர் திருவரங்குளத்துக்குப் பக்கம். அப்பா கொத்தனார். சித்தப்பா லோடு ஆட்டோ ஓட்டினார். முப்பது வயதாகியும் அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை, ஆனால் செவலை இருந்தது. செவலை ஜல்லிக்கட்டு மாடு. இரண்டு வருடமாக எந்த வாடிவாசலிலும் பிடிபடாத மாடு. எங்கள் வீட்டில் இருந்த கட்டில், மின்விசிறி, அண்டா எல்லாம் அது ஜெயித்துக்கொண்டு வந்தவை. விசிறியை யார் போட்டாலும், "செவலை காத்து" என்பார் சித்தப்பா.

அதனால் வீட்டில் முதல் பந்தி செவலைக்குத்தான். காலையில் ஆட்டிய பருத்திக்கொட்டை, ஊறவைத்த உளுந்து, இரண்டு நாட்டுக்கோழி முட்டை. சாயங்காலம் புண்ணாக்கு, தவிடு, அதன் மேல் இருபது பேரீச்சம்பழம். எங்களுக்கு ரேஷன் அரிசிச் சோறும் ரசமும், அமாவாசைக்கு அமாவாசை சாம்பாரும். ரேஷன் அரிசி சும்மா கிடைத்தது. வயிறு நிறைவதற்கு எங்கள் வீட்டில் ஒருநாளும் குறைச்சல் வந்ததில்லை. வயிறு நிறைவது வேறு, உடம்பில் ரத்தம் ஊறுவது வேறு என்பதும், முன்னது சும்மா வரும், பின்னதுக்குத்தான் காசு என்பதும் பிற்பாடு தெரிந்துகொண்டவை.

நான் அப்போது நாலாம் வகுப்பு. ஒரு இடத்தில் உட்கார மாட்டேன். உட்கார்ந்தாலும் கால் நிற்காது. பெஞ்சுக்கு அடியில் இரண்டு காலும் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டே இருக்கும். அமுக்கிப் பிடித்தால் உள்ளே எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். ஓடினால் மூச்சு வாங்கும், நின்றால் கால் ஆடும். இதற்கு நடுவில் சிலேட்டுப் பல்பம் தின்கிற பழக்கம் வேறு. என் பல்பம் தீர்ந்தால் அடுத்தவள் பல்பம், அதுவும் தீர்ந்தால் வீட்டில் பச்சரிசி. டீச்சர் ஒருநாள் என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அடிப்பதற்குப் பதிலாக அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். எனக்கு அடியே தேவலை என்று இருந்தது.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்துக்கு மெடிக்கல் கேம்ப் வந்தது. அம்மா நூறுநாள் வேலையில் பாதியில் சொல்லிவிட்டு, காலில் மண்ணோடு வந்து நின்றாள். சிஸ்டர் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். பிறகு விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். "எட்டு புள்ளி ரெண்டு" என்றார். எட்டு என்றால் நல்ல மார்க்கா கெட்ட மார்க்கா என்று தெரியாமல் முழித்தேன். சிஸ்டர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, "நீங்களும் வெரலை நீட்டுங்கம்மா, ஒங்க மொகமே சரியில்ல" என்றார்.

அம்மாவுக்கு ஏழு புள்ளி ஆறு வந்தது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பரீட்சையில் எனக்குக் கீழே ஆள் இருப்பது அதுதான் முதல் தடவை. அதுவும் அம்மா! வீட்டுக்குப் போகிற வழியெல்லாம், "நான் ஒன்னவிட அதிகம்" என்று பாடிக்கொண்டே போனேன். அம்மா, ரத்தம் ஊறுவதற்கு சிஸ்டர் சொன்ன பட்டியலை வாய்க்குள் மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். முட்டை, ஈரல், மாதுளம்பழம், பேரீச்சம்பழம், பச்சைப்பயறு, கீரை. கடைசியில் இருந்து ஆரம்பித்தாள். கீரைக்குக் காசு வேண்டாம். பக்கத்து வீட்டு முருங்கைமரம் எங்கள் பக்கம் சாய்ந்திருந்தது. பதினைந்து நாள் விடாமல் முருங்கைக்கீரை. நான் அதை ஓரத்தில் ஒதுக்கி வைப்பதும், அவள் அதை உருட்டி என் வாயில் திணிப்பதுமாகப் போயிற்று.

சத்து மாத்திரை கொடுத்திருந்தார்கள். முழுங்கினால் வாந்தி வரும். அதனால் அம்மா ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் பேச்சை எடுத்தாள்.

"தம்பி, மாட்டுக்கு வாங்குற பேரீச்சம்பழத்துல புள்ளைக்கு நாலு எடுத்துக்கவா?"

சித்தப்பாவுக்கு என்மேல் பாசம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆட்டோவில் முன்சீட்டில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவார். ஆனால் செவலை விஷயத்தில் அவர் வேறு ஆள்.

"மதினி, கோவிச்சுக்காதீங்க. மாட்டுக்குன்னு வாங்குனது மாட்டுக்குத்தான். அதுல கை வெச்சா வாடியில காமிச்சிரும். தை மட்டும் பொறுங்க, செவலை அடிக்கிற பரிசுல புள்ளைக்குப் பழக்கடையே வெச்சுருவோம்."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா சோற்றைப் பார்த்துக்கொண்டு, "தை வர இன்னும் ரெண்டு மாசந்தானே" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா சொன்னாள், "இனிமே சாயங்காலம் மாட்டுக்கு நீ தீனி வையி. எனக்கு இடுப்பு வலிக்குது." சித்தப்பா ஆட்டோவை நிறுத்திவிட்டு வர ஏழு மணியாகும். அதுவரை செவலையைப் பார்த்துக்கொள்வது அம்மாவின் வேலை. வாடியில் ஆள் குடலை எடுக்கிற மாடு, வீட்டில் என்னிடம் தலையைக் கொடுத்துச் சொறியச் சொல்லும். அதனால் யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

பழத்தில் கொட்டையை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். கொட்டை தொண்டையில் சிக்கும் என்று சித்தப்பாவுக்குப் பயம். அம்மா ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தாள்.

"எடுக்குற கொட்டைய இதுல போடு. சித்தப்பா வந்து எண்ணிப் பாக்கட்டும். கொட்டை இருபது இருந்தா ஒண்ணும் கேக்க மாட்டாரு."

சொல்லிவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். கொல்லையில் நானும் செவலையும் இருபது பழமும்.

முதல் நாள் ஒன்றுகூடத் தின்னவில்லை, விரலை மட்டும் நக்கினேன். இரண்டாம் நாள் ஒன்று. அது நாக்கில் பட்டதும் எனக்கு ஏற்பட்ட வெறியை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. மூன்றாம் நாளிலிருந்து செவலைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு வாரத்தில் அதற்கு ஒன்று, எனக்கு இரண்டு. கொட்டையை வாயிலிருந்து எடுத்துப் பாவாடையில் துடைத்துச் சிரட்டையில் போடுவேன். கணக்கு ஒருநாளும் தவறியதில்லை. சித்தப்பா வந்து சிரட்டையைக் கவிழ்த்து எண்ணுவார், தலையாட்டுவார். இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று நானே வியந்துகொண்டேன்.

வியப்பு பகலில்தான். படுத்தால் பயம். செவலை இளைக்கிறதா என்று விடிந்ததும் ஓடிப்போய் விலாவைத் தடவிப் பார்ப்பேன். ஒரு எலும்பு கூடுதலாகத் தெரிவதுபோல் இருக்கும். அன்றைக்கு ஒன்றுகூடத் தின்னக் கூடாது என்று அதன் கொம்பைத் தொட்டுச் சத்தியம் செய்வேன். சாயங்காலம் பழ வாளியின் மூடியைத் திறந்ததும் சத்தியம் போய்விடும். நான் மெல்லுவதை அது பார்த்துக்கொண்டே நிற்கும். "பாக்காத" என்று அதன் முகத்தைத் திருப்புவேன், அது மறுபடி திருப்பிக்கொள்ளும். கால் ஆடுவது எப்போது நின்றது என்று எனக்குத் தெரியாது. அதைக் கவனிக்கிற நிலைமையில் நான் இல்லை.

தை பிறந்தது. பக்கத்து ஊர் வாடிக்குச் செவலையைக் கூட்டிப் போனார்கள். டிராக்டர் டிரெய்லரின் மேல் அம்மாவோடு நின்றுகொண்டு பார்த்தேன். மைக்கில் எங்கள் ஊர்ப் பெயரையும் சித்தப்பா பெயரையும் சொன்னார்கள். "தொட்டுப் பார், ஒரு அண்டா, ஒரு சைக்கிள்!" என்றார்கள். செவலை வெளியே வந்தது. எப்போதும் நின்று விளையாடும் மாடு, அன்றைக்கு ஒரே துள்ளாகத் துள்ளியது. மஞ்சள் பனியன் போட்ட ஒருத்தன் திமிலில் தொங்கினான். ஒரு சுற்று, இரண்டு சுற்று. அவன் விழவில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். "மாடு பிடி மாடு! வீரர் வெற்றி!" என்று மைக் சொன்னது. என் வயிற்றுக்குள் அத்தனை பேரீச்சம்பழமும் கல்லாகக் கிடந்தன.

சித்தப்பா அன்று சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், "மாட்டை வித்துரப் போறேன், புடிபட்ட மாட்டை வெச்சுக்கிட்டு ஊருக்குள்ள தலை நிமிந்து நடக்க முடியாது" என்றார். பிடிபட்ட மாட்டை யார் வாங்குவார்கள், எங்கே கொண்டுபோவார்கள் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

நான் அம்மாவை அடுப்படியில் பிடித்துக்கொண்டேன். அழுதுகொண்டே சொன்னேன்.

"அம்மா, பழத்த நாந்தான் தின்னேன். அதான் செவலை தோத்துருச்சு."

அடி விழும் என்று கண்ணை இறுக்கினேன். விழவில்லை. அம்மா தாழ்ந்த குரலில், "ஒரு நாளைக்கு எத்தனை தின்ன?" என்று கேட்டாள்.

"பத்து, பன்னெண்டு."

அவள் என் தாடையைப் பிடித்து முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்து உள்ளே உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறேனா என்று சோதிக்கிறாள் என்று நினைத்து, விழியை அசைக்காமல் நின்றேன். பார்த்து முடித்ததும் முந்தானையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "சரி, சித்தப்பாகிட்ட மூச்சு விடாத" என்றாள்.

எப்படி விடாமல் இருப்பது? மறுநாள் காலை தரகர் வந்துவிட்டார். செவலையின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். அது என்னைத் தேடித் தலையைத் திருப்பியது. நான் ஓடிப்போய் சித்தப்பாவின் கைலியைப் பிடித்துக்கொண்டு கத்தினேன்.

"விக்காதீங்க சித்தப்பா! அதுமேல குத்தமில்ல. அதோட பழத்த நாந்தான் தெனமும் தின்னேன்!"

சித்தப்பா என்னைப் பார்த்தார், சிரட்டையைப் பார்த்தார், பிறகு நெடுநேரம் அம்மாவைப் பார்த்தார். அம்மா குனிந்து கொல்லையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே கூட்டிய கொல்லை.

திடீரென்று சித்தப்பாவின் முகம் மலர்ந்தது. "அப்ப மாட்டுல கொறை இல்ல!" என்று தரகரின் தோளில் ஓங்கி அடித்தார். "கேட்டீங்களா? ரெண்டு மாசம் அரைத் தீனிங்க! அரைத் தீனியில அந்தத் துள்ளு துள்ளியிருக்குன்னா, முழுத் தீனி தின்னா எவன் நிப்பான்?" தரகர் டீகூடக் குடிக்காமல் போனார். அன்று சாயங்காலத்துக்குள் டீக்கடை, ரேஷன் கடை எல்லா இடத்திலும் செவலையின் மானம் மீண்டுவிட்டது. என் மானம்தான் போயிற்று. "மாட்டுத் தீனி" என்ற பட்டப்பெயர் எட்டாம் வகுப்புவரை என்கூட வந்தது.

அந்த வாரமே சித்தப்பா மார்க்கெட்டிலிருந்து இரண்டு பை வாங்கிவந்தார். "இது செவலைக்கு, இது ஒனக்கு. இனிமே அது பங்குல கை வெச்ச, கொம்புல தூக்கிப் போடச் சொல்லிருவேன்" என்றார். அப்பாவும் சிரித்தார். இரண்டு பைதான் வந்தது. மூன்றாவது ஒன்று வேண்டும் என்று எங்கள் நாலு பேரில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியவள் நான். அம்மாவின் மார்க் என்னோடது மாதிரியே எனக்கு மனப்பாடம்.

முழுப்பரீட்சைக்கு முன்னால் மறுபடி கேம்ப் வந்தது. அதே சிஸ்டர். எனக்குப் பத்து புள்ளி ஆறு. "பரவாயில்லையே, என்ன குடுத்தீங்க?" என்று கேட்டார். "வீட்டுல இருந்ததுதான் சிஸ்டர்" என்றாள் அம்மா. சிஸ்டர் புது ஊசியைப் பிரித்துக்கொண்டு, "நீங்களும் வாங்க" என்றார். நான் துள்ளினேன். இந்தத் தடவை வித்தியாசம் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும்.

அம்மா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எனக்கு என்னத்துக்கு சிஸ்டர்? புள்ளைக்கு ஏறிருச்சுல்ல, அது போதும். வேலை கெடக்கு, வாரேன்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. தோற்றுவிடுவோம் என்று பயந்து ஓடுகிறாள் என்று நினைத்தேன். வழியில், "நீ பெயிலு, நீ பெயிலு" என்று அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். எத்தனை சுற்று ஓடினாலும் எனக்கு மூச்சு வாங்கவில்லை. அவள் கண்மாய்க் கரை ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தாள். "ஆமா புள்ள, நான் பெயிலுதான்" என்று சிரித்தாள்.

என் பையில் இரண்டு பேரீச்சம்பழம் இருந்தன. இரண்டையும் நானே தின்றேன். கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல், பழக்கத்தில் அவள் முன்னால் நீட்டினேன். அம்மா உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டாள்.