ஆமைத் தொட்டியின் அளவு

தி. நகர் கடையொன்றில் மீன்தொட்டி கழுவிய தண்ணீரின் பாசி வாடை பட்டதும், அடையாற்றில் இப்போது அடுக்குமாடி நிற்கும் இடத்தில் இருந்த சிறிய காட்சியகம் நினைவுக்கு வந்தது. ஞாயிறுதோறும் அப்பா கூட்டிப்போவார். அந்துருண்டை மணக்கும் கூடத்தில் பாடம் செய்த பறவைகளைத் தாண்டி, கடைசியில் இருக்கும் ஆமைத் தொட்டிக்குத் தங்கை வசந்தி ஓடுவாள், நான் நோட்டில் தேதி போட்டு, தொட்டியின் அடியில் பதித்த சதுரக் கற்களில் ஆமை எத்தனை கல் நீளம் என்று குறிப்பேன். பலகையில் வயது நூறு என்றிருந்தது. இரண்டு வருஷம் கழித்தும் நூறுதான்.

"அதுக்கு எப்ப நூறு ஆச்சுன்னு எனக்கு இன்னா தெரியும், நைனா?" என்பார் தொட்டி கழுவும் ராணியக்கா.

ஒரு ஞாயிறு ஆமை அரைக் கல் குறைந்திருந்தது. ஓட்டின் ஓரத்து வெடிப்பையும் காணோம். வசந்தி வழக்கம்போல, ஆமைக்குத் தான் வைத்த பெயரைச் சொல்லி "மணி, மணி" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ராணியக்காவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் வசந்தியைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "பாப்பா முன்னாடி கேக்காத நைனா" என்றார்.

வீடு திரும்பும் பஸ்ஸில் வசந்தி என் நோட்டை வாங்கிப் படிப்பாள். உண்மையான அளவைப் பார்த்தால் மணி செத்துப்போய் வேறு ஆமையை விட்டிருப்பது தெரிந்துவிடும். அதனால் போன வார அளவையே எழுதினேன்.

பஸ்ஸில் அவள் அந்த வரியை விரல் வைத்துப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "நீ சரியா அளந்தியாண்ணா?" என்று கேட்டாள்.

நான் தலையாட்டினேன். சைதாப்பேட்டை வரும்வரை அவள் நோட்டைத் திருப்பித் தரவில்லை.