ஜெயபாயின் குடை

கேரளத்தில், வித்துராவிலிருந்து பொன்முடி ஏறும் சாலையில் ஒரு வளைவில் இறங்கி உள்ளே நடந்தால், ஜெயபாய் கொழுந்து கிள்ளும் தேயிலைத் தோட்டம் வரும். தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து, காலையில் பேர் கொடுக்கும் முஸ்டருக்குப் போக ஒரே குறுக்கு வழிதான். அது பழைய தொரை பங்களாவின் படிக்கட்டுக்கு முன்னால் போகிறது. படிக்கட்டு வந்ததும் குடையை மடக்க வேண்டும். மழை கொட்டினாலும் சரி, இடுப்பில் பிள்ளை இருந்தாலும் சரி. நனைந்துகொண்டே பலாமரம் வரைக்கும் போய், மரத்தைத் தாண்டியதும் விரித்துக்கொள்ளலாம். மொத்தம் நாற்பது தப்படி.

சட்டம் போட்டவன் ஒரு வெள்ளைக்காரத் தொரை. தன் கண்ணெதிரே கூலியாள் குடை பிடிப்பதா என்று அவனுக்கு ஓர் ஆங்காரம். அவனும் போனான், அவன் ராஜ்யமும் போனது. பங்களா வாசலில் சுதந்திரக் கொடி ஏற்றிய அன்று நல்ல மழையாம். கொடிக்குக் கீழே நின்று மிட்டாய் வாங்கிய சனம் அத்தனையும் குடையை மடக்கிக்கொண்டுதான் நின்றதாம். அதற்குப் பிறகு தோட்டம் நான்கு கை மாறிவிட்டது. தொரை போனாலும் தொரைத்தனம் போகவில்லை.

ஜெயபாய் பத்தொன்பது வயதில் மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து தங்கபாண்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தவள். முதல் நாளே விரித்த குடையோடு படிக்கட்டைக் கடக்கப் பார்த்தாள். பின்னால் வந்த சரஸ்வதியம்மாள் பாய்ந்து அதைப் பிடுங்கி மடக்கினாள்.

“ஏங்க்கா?”

“எல்லாரும் மடக்குதோம்லா.”

அதற்கு மேல் காரணம் யாரிடமும் இல்லை. ஜெயபாயும் மடக்கினாள். மூத்த மகளுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க ஓடிய அன்றும் மடக்கினாள். பிள்ளையின் தலையில் மழை விழ விழ நாற்பது தப்படி நடந்தாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு அவளுக்குத் தொரை மேல் கோபம் வரவில்லை, தன் மேல்தான் வெட்கம் வந்தது. அந்த வெட்கத்தை வெளியே சொல்லாமல் முப்பது வருஷம் வைத்திருந்தாள்.

தங்கபாண்டிக்குத் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டி வெட்டி முதுகெலும்பு தேய்ந்துபோனது. பாவம் பார்த்துப் பங்களாவில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். அதை விட்டால் தோட்டத்தில் அவன் செய்யக்கூடிய வேலை வேறெதுவும் இல்லை. இது அவளுக்குத் தெரியும், அவளைவிட நன்றாக அவனுக்குத் தெரியும்.

போன வருஷம் பங்களா விருந்தினர் விடுதியானது. நகரத்திலிருந்து பிரஜின் என்று ஒரு மேனேஜர் வந்தான். கெட்ட பையன் இல்லை. வேலைக்காரிகள் எல்லாரையும் அக்கா முறை வைத்து, மலையாளத்தில் சேச்சி என்றுதான் கூப்பிடுவான். வராந்தாவில் தோசை தின்றுகொண்டிருந்த விருந்தினர்கள், பெண்கள் வரிசையாகக் குடை மடக்கிப் போவதைப் பார்த்துப் பரவசப்பட்டு வீடியோ எடுத்தார்கள். பிரஜினுக்குத் தலைகால் புரியவில்லை.

“சேச்சி, இனி எல்லாரும் கரெக்ட் எட்டு மணிக்கு ஒண்ணிச்சு, ஒண்ணா வரணும், கேட்டோ. குடை மடக்கி, கொஞ்சம் தலை குனிஞ்சா மதி, அது போதும். ஹெரிடேஜ் ஆணு!”

அதோடு விடவில்லை. ஒரே மாதிரி கறுப்புக் குடை முப்பத்தொன்று வாங்கி ஆளுக்கொன்று கொடுத்தான். மடக்குவதற்கென்றே குடை கொடுத்த மகராசன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான்.

இத்தனை நாள் ஏனென்று தெரியாமல் குனிந்தார்கள். இப்போது யாரோ பார்த்து ரசிக்கக் குனியச் சொன்னதும் உறைத்துவிட்டது. முதலில் கேலி பேசினார்கள். பிறகு வேண்டுமென்றே பிந்தி வந்தார்கள். அப்புறம் சிலர் அட்டை கடிக்கும் காட்டு வழியாகச் சுற்றிப் போனார்கள். யார் யார் சுற்றிப் போகிறார்கள் என்று குறித்து வைக்கும்படி தங்கபாண்டிக்கு உத்தரவு வந்தது.

“ஏட்டி, நீ மட்டுமாவது மடக்கிரு,” என்றான் அவன். “எம் முதுக நெனச்சுப் பாரு.”

“அதத்தான் நெனைக்கேன்,” என்றாள் ஜெயபாய். வேலை போனால் மனுஷன் எங்கே போவான் என்ற பயம் அவளுக்கும் இல்லாமலில்லை.

கர்க்கடக மாதத்து மழை, நம்ம ஆடி மழை. எட்டு மணி. ஜெயபாய் முன்னால் வந்தாள், காட்டு வழியாகச் சுற்றிப் போனவர்களும் அன்று அவள் பின்னால் வந்தார்கள். படிக்கட்டு வந்தது. குடை மடங்கவில்லை. பின்னால் சரஸ்வதியம்மாளின் கை பழக்கத்தில் குடைக் கம்பிக்குப் போனது, போன இடத்திலேயே நின்றது. கோஷம் இல்லை, சத்தம் இல்லை. முப்பத்தொரு கறுப்புக் குடைகளும் விரிந்தபடியே பலாமரத்தைத் தாண்டின.

பிரஜின் படியிறங்கித் தங்கபாண்டியிடம் ஓடி வந்தான். “ஆருடா ஆத்யம், முதல்ல மடக்காதது? பேரு பற, சொல்லு!”

தங்கபாண்டி நிமிர முடிந்த அளவுக்கு நிமிர்ந்தான். “எம் பொஞ்சாதிதான் சார். மத்தவங்க அவ பின்னால வந்தாங்க.”

மத்தியானமே அவனை இனி வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

பிரஜின் தப்புப் பண்ணியது இங்கேதான். அதுவரை குடைக்காகத்தான் இருந்த வழக்கு இப்போது ஓர் ஆளின் சோற்றுக்காக ஆகிவிட்டது. குடை விஷயத்தில் ‘நமக்கெதற்கு வம்பு’ என்றிருந்த ஆண்களும் வந்து சேர்ந்தார்கள். மறுநாள் ஒருவரும் கொழுந்து கிள்ளப் போகவில்லை. விருந்தினர் கண்முன்னே படிக்கட்டில் குடை பிடித்து உட்கார்ந்தார்கள். மூன்று நாளில் கொழுந்து முற்ற ஆரம்பித்தது. விருந்தினர்களும் பெட்டியைக் கட்டினார்கள்.

நான்காம் நாள் பிரஜினே மழையில் நனைந்துகொண்டு வந்தான். அவசரத்தில் குடை எடுக்க மறந்துவிட்டான் போல. “மதி சேச்சி. தங்கபாண்டி நாளை தொட்டு வரட்டும். குடை யாரும் மடக்கண்டா.”

“எழுதித் தாங்க,” என்றாள் ஜெயபாய்.

“அப்படியொரு ரூல் எங்கயும் எழுதலயே சேச்சி. இல்லாத ரூலை எப்படி ரத்து பண்றது?”

“எழுதாததுனாலதான சார் இத்தன வருசம் போவாம நின்னுது.”

எழுதிக் கொடுத்தான். அந்தக் காகிதம் இன்றும் முஸ்டர் சுவரில் ஒட்டியிருக்கிறது.

ஐப்பசியில் முதுகைக் காட்டத் தங்கபாண்டியை நகரத்துக்கு, மெடிக்கல் காலேஜுக்கு அழைத்துப் போனாள் ஜெயபாய். திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ஒரே குடைக்குள் இருவரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். வழியில் பெரிய கேட் போட்ட ஒரு வெள்ளைப் பங்களா, முன்னால் அகலமான படிக்கட்டு. கேட் பூட்டியிருந்தது. உள்ளே ஆளரவமே இல்லை.

சட்டென்று இரண்டு தலையிலும் மழை விழுந்தது. ஜெயபாய் குனிந்து பார்த்தாள். குடை அவள் கையில் மடங்கியிருந்தது.

“நானா மடக்குனேன்?” அவளுக்கு அழுகை வந்துவிட்டது. “எழுதி வாங்கினவ நானில்லா?”

தங்கபாண்டி குடையை வாங்கி விரித்தான். கையைத் தூக்கினால் முதுகில் சுரீரென்று வலிக்கும், இருந்தும் அவள் தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தான்.

“வா, பஸ் போயிரும்.”

கேட்டைத் தாண்டி, பஸ் நிறுத்தம் வரும்வரைக்கும் அவன் அதை அவள் கையில் கொடுக்கவில்லை.