அன்வரி பேகம் பார்த்த மாப்பிள்ளை

"ஒசரமா? அந்தத் தெருவுலயே அவர்தாம்மா நெட்டை" என்று சொல்லிவிட்டு அன்வரி பேகம் இரண்டாவது டம்ளர் டீயையும் காலி செய்வார். அந்தத் தெருவில் நாலே வீடு, நாலிலும் குள்ளர்கள் என்பதை யாராவது கேட்டால்தானே சொல்வதற்கு?

ஆம்பூர், பேரணாம்பட்டில் பெண்கள் வெளியே வராத கோஷா வீடுகளுக்கெல்லாம் இந்த அம்மாள்தான் கல்யாணத் தரகர். அதிலும் ஆண்பிள்ளை இல்லாத வீடென்றால் கொண்டாட்டம். நேரில் போய்ப் பார்த்துவர ஆளேது? இவர் வாயில் எப்படி வருகிறாரோ அப்படித்தான் மாப்பிள்ளை.

பொய் சொல்கிறார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். "ஒரு பொய் சொன்னேன்னு காட்டு, தொழிலையே உட்டுடறேன்" என்பார். காட்ட முடியாது, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். தோல் கிடங்கிலேயே ஊறிய ஒருவரை, நாற்றமே வராத மனிதர் என்று சொல்லித் திமிரி ஊர்ப் பெண்ணுக்கு முடித்துவைத்தார். தோல் நாற்றத்துக்குப் பழகிப்போன ஆம்பூர் மூக்குக்கு அது மெய்தான். வயல்காற்றில் வளர்ந்த அந்தப் பெண் இன்றைக்கும் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சோறு பரிமாறுகிறாளாம்.

போன வாரம் பக்கத்து வீட்டு வாசலில் அன்வரி பேகத்தின் ஜட்கா வண்டி வந்து நின்றது. அங்கே நசீமுன்னிசா, கணவரை இழந்தவர். ஒரே மகள் பில்கிஸுக்குப் பதினெட்டு வயது. அடுத்த வீட்டுக்காரி என்ற உரிமையில் நானும் போய் உட்கார்ந்தேன். மாப்பிள்ளை தோல் மண்டிக்காரராம், ஐந்து வேளையும் தொழுகை தவறாதவராம். வயது என்ன என்று தாய் கேட்டார்.

"அந்த மண்டியில அவர்தாம்மா ரொம்பச் சின்னவரு."

நசீமுன்னிசாவுக்கு முகமெல்லாம் பல். வெள்ளிக்கிழமையே பேசி முடித்துவிடலாம் என்று வாக்குக் கொடுத்து, வாயில் போடச் சர்க்கரை எடுக்க எழுந்துவிட்டார். பேச்சு முடிந்துவிட்டால் அப்புறம் பின்வாங்குகிற குடும்பமில்லை அது.

அதுவரை வாயே திறக்காத பில்கிஸ் தாயின் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, அன்வரி பேகத்தைச் சித்தி முறை வைத்துக் கேட்டாள்.

"காலா, மண்டியில வேற யாரு இருக்காங்க?"

"அவரோட அண்ணனுங்க ரெண்டு பேரு கண்ணு. தங்கமான மனுசங்க."

"சின்ன அண்ணனுக்கு இன்னா வயசு?"

பொய் சொல்லத் தெரியாத அம்மாள் என்ன செய்வார், பாவம். "அறுபது தாண்டிச்சு" என்றார்.

"அப்போ இவருக்கு?"

எங்கள் மூன்று பெண்களைத் தவிர ஓர் ஈ காக்கை இல்லாத அந்தக் கூடத்தில், அன்வரி பேகம் புர்காவின் முகத்திரையை மெல்ல இறக்கிவிட்டுக்கொண்டார்.