முழங்காலும் நகல் எழுத்தர் பதவியும்

"காயமுற்ற ஊழியர் தம் பதவிக்குரிய வேலையைச் செய்யக்கூடியவராக இருக்கும்வரை, அக்காயத்தைக் காரணம் காட்டி அவரை நீக்கலாகாது." எங்கள் கம்பெனியின் ஊழியர் விதிகளில் இப்படி இருந்தது. நல்ல விதி. சிக்கல் என்னவென்றால், என் பதவியே ஒரு பொய்.

நான் சம்பளத்துக்குப் பாஸ்கட் பால் ஆடியவன். முப்பதுகளின் சென்னையில் அப்படி ஓர் உத்தியோகம் கிடையாது, இருக்கவும் கூடாது. காசு வாங்கி ஆடுகிறவனைக் கோப்பைப் பந்தயத்தில் சேர்க்க மாட்டார்கள். எங்கள் துரைக்கோ கோப்பை வேண்டும். ஆகவே நெட்டையனான என்னைப் பிடித்து 'நகல் எழுத்தர்' என்று பதிந்துகொண்டார்கள். நான் ஒரு பக்கம்கூட நகல் எடுத்ததில்லை. வருஷாவருஷம் ஹெட் கிளார்க் என் பெயருக்கு எதிரே 'வேலை திருப்தி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். பொய்யில்லை, கோப்பை துரையின் அலமாரியில்தான் இருந்தது.

அந்தக் காலத்து ஆட்டத்தில், பந்து கூடையில் விழுந்தபிறகு ஒவ்வொரு முறையும் அதை மைதானத்தின் நடுவில் தூக்கிப் போடுவார்கள். இரண்டு நெட்டையர்கள் குதித்துத் தட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் குதிப்பவன் நான்.

ஐப்பசி மழை விட்ட மறுநாள், லஸ் பக்கத்து மைதானத்தில் அப்படிக் குதித்து இறங்கும்போது களிமண் வழுக்கியது. உடம்பு ஒரு பக்கம் போனது, வலது முழங்கால் வேறு பக்கம் போனது. ஆபீசில் தபால் கட்டும் சாந்தோம்காரன் ஒருவன் எங்கள் அணியில் ஆடினான். அவன்தான் முதலில் ஓடி வந்தான்.

"எழுந்துக்காத நைனா. உன் முட்டி கடற்கரையப் பாத்துகினு கீது."

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டுப்போட்டுவிட்டு, "நடப்பீர்கள், படி ஏறுவீர்கள். குதிப்பது மட்டும் இனிமேல் இல்லை" என்றார்.

"குதிப்பதுதான் சார் என் தொழில்."

அவர் சீட்டைப் புரட்டிப் பார்த்தார். "குமாஸ்தா என்றல்லவா போட்டிருக்கிறது?"

கட்டுப் பிரித்து, தடியூன்றி, டிராம் படியில் தொற்றி ஏறி ஆபீசுக்குப் போனேன். ஹெட் கிளார்க் நாற்காலி கொடுத்து உட்காரச் சொன்னார். அவர் நாற்காலி கொடுத்தால் நல்லது எதுவும் வராது.

"ராஜினாமா எழுதிக் குடுத்துடும் ஓய். கௌரவமாப் போயிடலாம். உம்மை எதுக்கு எடுத்தோம்னு உமக்கே தெரியும்."

"எனக்குத் தெரியும் சார். காகிதத்துக்குத் தெரியாதே."

அவருக்கு முகம் சிவந்தது. புரிந்துவிட்டது. 'ஆட முடியவில்லை' என்று எழுதி என்னை நீக்கினால், ஆடுவதற்குச் சம்பளம் கொடுத்தோம் என்று கம்பெனியே ஒப்புக்கொண்டதாகும், கோப்பை போய்விடும். 'நகல் எடுக்கத் தெரியவில்லை' என்று எழுதினால், அவர் வருஷாவருஷம் போட்ட கையெழுத்து பல்லிளிக்கும்.

அன்றே துரைக்கு ஒரு மனு எழுதினேன். என் பதவிக்குரிய எந்த வேலைக்குக் குதிக்க வேண்டும் என்பதைத் தெரிவிக்கவும். ஓய்வு நேரத்தில் நான் கம்பெனி அணியில் ஆட ஆட்சேபம் உண்டா என்பதையும் தெரிவிக்கவும். உரிய வழியாக அனுப்பினால் ஹெட் கிளார்க்கின் மேஜையில் தூங்கும் என்பதால், ஒரு முன்நகலை நேரே துரைக்கு அனுப்பினேன். அந்தப் பதவியில் நான் எடுத்த முதல் நகல் அதுதான்.

பதில் வரவில்லை. சம்பளம் மட்டும் வந்தது, ஹெட் கிளார்க்கின் முறைப்போடு. பகலில் கோணல் கையெழுத்தில் நகல் எடுத்தேன். சாயங்காலம் சாந்தோம் மணலில் நடந்தேன். தபால் கட்டும் தோழன் அங்கே ஒரு கட்டுமரக் கட்டையை நட்டு, உச்சியில் பழைய பீப்பாய் வளையத்தை ஆணியடித்து வைத்திருந்தான்.

"குதிக்காத. நின்ன எடத்துலேந்து போடு. காலு போனா போவுது, கை கீதுல்ல?"

மீன் கூடையோடு போன அவன் அம்மா நின்று பார்த்தாள். "இன்னாய்யா, இத்தினி ஒசரம் வளந்துட்டு தரையிலேந்தா எறியற? எனக்கு அந்த ஒசரம் இருந்தா பந்த அந்த வளையத்துல கையாலயே வச்சிட்டு வருவேன்."

பந்து வளையத்தில் பட்டுப் பட்டு வெளியே விழுந்தது. பிறகு படாமல் உள்ளே விழத் தொடங்கியது. முழங்கால் வீங்கும், ஒத்தடம் கொடுத்துவிட்டு மறுநாளும் போவேன். டாக்டர் குதிக்க வேண்டாம் என்றுதான் சொன்னார். ஆட வேண்டாம் என்று எழுதித் தரவில்லை.

மாசியில் அடையாறு அணியோடு பந்தயம். நடுவில் குதிக்கத் தோழனை விட்டுவிட்டு, நான் தள்ளி நின்றுகொண்டேன். மைதானத்து ஓரத்திலிருந்து ஹெட் கிளார்க் கத்தினார்: "ஓய்! யாரைக் கேட்டு இறங்கினீர்?"

"கேட்டிருக்கிறேன் சார். பதில்தான் வரவில்லை."

அடுத்து என் கைக்கு வந்த பந்தை இரண்டு கையாலும் தூக்கிப் போட்டேன். விழுந்தது. எதிரணியில் ஒருவன் "நொண்டிக்கு அதிர்ஷ்டம்" என்றான். இன்னொன்றும் விழுந்தபிறகு என்னைத் தடுக்க அவனையே நிறுத்தினார்கள்.

அதற்குப் பிறகு நடந்த எல்லாப் பந்தயத்திலும் ஆடினேன். சிலவற்றில் தோற்றோம். ஒன்றில் நான் இடிபட்டு விழ, என்னை ஆம்புலன்ஸ் ஸ்டிரெச்சரில் தூக்கிப்போக வந்தார்கள். எழுந்து நடந்து காட்டினேன்.

பதில் ஒற்றைத் தாளில் வந்தது. நகல் எழுத்தர் பதவியில் தொடரலாம். ஓய்வு நேரத்தில் ஊழியர் எதை ஆடுகிறார் என்பதில் கம்பெனிக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. ஹெட் கிளார்க்கே கொண்டுவந்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் தேதியும் போடச் சொன்னார். போட்டேன்: மனு கொடுத்து ஒரு வருஷம் தாண்டிய பங்குனி மாதம், மயிலாப்பூரில் அறுபத்துமூவர் புறப்பாட்டு நாள்.