வகிடு பக்கத்தில் இருந்தால் பையன்

நூற்றுமுப்பது வருஷத்துக்கு முந்தைய பையன்களின் உடுப்புகளை ஓர் அறை நிறைய வைத்துக்கொண்டு காத்திருப்பவளிடம், வருகிறவர்கள் முதலில் கேட்பது கழிப்பறை எங்கே என்பதைத்தான். கவுண்டரிலோ வகுப்பறையிலோ நின்றபடி பதில் சொல்லிப் பழகிய உங்களுக்கு இது புரியும். கலிஃபோர்னியாவில், ஃப்ரீமான்ட்டில் ஒரு பழைய பண்ணைவீடு இப்போது மியூசியமாக இருக்கிறது. சனிக்கிழமைகளில் நான் அங்கே வாலன்டியர். என் கணவர் தவறிப்போன பிறகு, மற்ற ஆறு நாளும் அபார்ட்மென்ட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மகன் கார்த்திக் டெக்ஸாஸில், ரவுண்ட் ராக்கில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டிக்கொண்டே பேசுவான். மூன்று வயதுப் பேரனுக்கு மொட்டை போடப் போவதாகச் சொல்லியிருந்தான். எப்போது வரச் சொல்வான் என்று தெரியாததால், பயணப் பெட்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன்.

கவுன் போட்டவன்

எங்கள் அறையில் ஒரு புகைப்படம் இருக்கிறது. வெள்ளை லேஸ் கவுன், தோள்வரை சுருட்டை முடி, பட்டன் வைத்த பூட்ஸ். கீழே ‘பையன், மூன்று வயது’ என்று எழுதியிருக்கும். அந்தக் காலத்தில் நாலைந்து வயதுவரை பையன்களுக்கும் கவுன்தான். துணி மாற்றச் சுலபம். வளர வளர மடிப்பைப் பிரித்துவிட்டால் போதும். பையனா பெண்ணா என்று தெரிய வகிட்டைப் பார்க்க வேண்டும். பக்கத்தில் எடுத்திருந்தால் பெரும்பாலும் பையன். நடுவில் என்றால் பெண்.

சான் ஹோசேயிலிருந்து வந்த ஒரு கோயம்புத்தூர்க்காரர் இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, என் வேலைக்கு ஆபத்து வந்துவிடக் கூடாதே என்பதுபோலச் சொன்னார்: “ஆண்ட்டி, லேபிள் மாத்தி ஒட்டிட்டாங்க. யாரும் பாக்கறதுக்குள்ள சேஞ்ச் பண்ணிடுங்க.”

பன்னிரண்டு பட்டன்

குழந்தைகள் போட்டுப் பார்க்க நகல் உடுப்புகள் உண்டு. மாலுமிக் காலர் சட்டை, வெல்வெட் கோட்டு, முழங்கால்வரை கால்சட்டை, கறுப்பு நீளக் காலுறை. கால்சட்டையை இடுப்பைச் சுற்றிப் பன்னிரண்டு பட்டனால் சட்டையோடு சேர்த்து மாட்ட வேண்டும். பின்பக்கத்துப் பட்டன்கள் போட்டவனுக்கு எட்டாது.

ஒரு தமிழ்ப் பையன் முழுவதும் மாட்டிக்கொண்ட பிறகு, அவசரமாகப் பாத்ரூம் போக வேண்டும் என்றான். நான் மண்டியிட்டு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் கழற்றிவிடுவார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். அம்மாதான் என்று தமிழில் சொன்னேன். கால் மாற்றிக் கால் குதித்தபடி யோசித்தான்: “வாட் இஃப் ஷி இஸ் ஸ்டக் இன் டிராஃபிக்?”

கேட்காமல் வைத்த படம்

நம் வீடுகளிலும் மொட்டைக்கு முன்னால் பையனுக்குப் பாவாடை கட்டி, சடை பின்னி, பூ வைத்துப் படம் எடுப்போமே! மியூசியத்தை நடத்தும் கேரலிடம் இதைச் சொல்லி, கார்த்திக்கின் படத்தைக் காட்டினேன். மூன்று வயதில், பச்சைப் பாவாடையில், உதடு பிதுக்கி நிற்கிறான். கேரலுக்குப் பிடித்துப்போய், கவுன் பையனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டார். கார்த்திக்கைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. பெற்றவளுக்கு எதற்கு அனுமதி என்று இருந்துவிட்டேன்.

பார்க்க வந்த யாரோ அதைப் போட்டோ எடுத்து ஒரு வாட்ஸாப் குழுவில் போட, அது டெக்ஸாஸ்வரை போய்விட்டது. புதன்கிழமை மத்தியானம் கார்த்திக் கூப்பிட்டான். காரில் இல்லை, பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. “என் டீம்ல எல்லாரும் பாத்துட்டாங்கம்மா. நான் இன்னும் செத்துப் போகல, மியூசியத்துல வைக்கறதுக்கு.”

அன்றே போய்ப் படத்தை எடுத்துவிட்டேன். எடுத்துவிட்டதாக மெசேஜும் அனுப்பினேன். அடுத்த மூன்று ஞாயிறும் போன் வரவில்லை.

நடுவில்

நாலாவது வாரம், சனிக்கிழமை காலை, மியூசியத்தில் இருக்கும்போது வீடியோ கால் வந்தது. திரையில் பேரன், சிவப்புப் பாவாடையில். பக்கத்தில் கார்த்திக், வாயில் ஹேர்பின்னைக் கடித்துக்கொண்டு. மறுநாள் கோயிலில் மொட்டையாம். பெட்டி தயாராக இருப்பதை நான் சொல்லவில்லை. “உங்கள அலைய வைக்க வேணாம்னுதாம்மா கூப்பிடல,” என்றான். சவுரி நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கிறது, எப்படி மாட்டுவது என்று காட்டச் சொன்னான்.

எங்கள் அறையில் கவுன் மாட்டிக் காட்சிக்கு வைத்திருந்த பொம்மையை ஜன்னல் பக்கம் திருப்பினேன். அதன் சுருட்டை முடி நகல்தான், தொடலாம். மூன்றாகப் பிரித்து, சவுரியை எங்கே சேர்ப்பது என்று சொல்லி, மெதுவாகப் பின்னிக் காட்டினேன். அங்கே அவன் விரல்கள் என்னைப் பார்த்துப் பார்த்துப் பின்னின. பேரன் அசையாமல் பொம்மையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாதியில் கார்த்திக் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு, சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டான்: “அம்மா, எனக்கு வகிடு எங்க எடுத்தீங்க?”

முன்பின் தெரியாத பையன்களுக்குப் பன்னிரண்டு பட்டனையும் நேரில் கழற்றிவிடுகிற என்னால், என் பேரனின் நடு வகிட்டைக் கண்ணாடித் திரைமேல் விரலால் கோடிழுத்துத்தான் காட்ட முடிந்தது.